மூன்றாம் தலைமுறை லாம்பார்டுகள்

லாம்பார்டுகளால் ஒரு ஈ காக்கைக்கும் பிரயோஜனம் இல்லை என்பது கோமளவல்லியின் அம்மாவுக்கு இருந்த அசைக்க முடியாத கருத்து. மகள் முனைவர் பட்டம் வாங்கிய அன்று வீட்டுக்கு வந்த சொந்தக்காரர்கள், “எதுலம்மா டாக்டர்?” என்று கேட்டபோது, “ஏதோ வெளிநாட்டு விஷயம்” என்று சொல்லிப் பேச்சை ஜாங்கிரிப் பக்கம் திருப்பிவிட்டாள் அந்த அம்மாள்.

வெளிநாட்டு விஷயம்தான். ஆயிரத்து ஐந்நூறு வருடத்துக்கு முன்னால் டான்யூப் நதிக்கரையில் வண்டி கட்டி, பெண்டு பிள்ளை, ஆடு மாடு சகிதம் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலிக்குள் இறங்கிய கூட்டம் லாம்பார்டுகள். இறங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை, நாட்டில் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். அதைப் படையெடுப்பு என்பார் சிலர், குடிபெயர்ச்சி என்பார் சிலர். இரண்டும்தான் என்று சொல்வதற்குக் கோமளா நானூறு பக்கம் எழுதியிருந்தாள். அதை முழுதாகப் படித்தவர்களில் ஒருவர் அச்சுப் பிழை பார்த்தவர். மற்றபடி சென்னையில் ஒரு கல்லூரியில் ஐரோப்பிய வரலாறு சொல்லிக்கொடுத்துக்கொண்டு, முன்வரிசையில் தூங்குபவர்களை மன்னித்துக்கொண்டு, காலம் போய்க்கொண்டிருந்தது.

அப்புறம் கடல் உள்ளே வந்தது. புயல் மாதிரி ஒரே நாளில் வரவில்லை. வேதாரண்யத்துக்குத் தெற்கே முனைக்காடும் அதை ஒட்டிய குப்பங்களும் வருடத்துக்கு ஒரு தெருவாக உப்புத்தண்ணீரில் போயின. கடைசித் தெருவும் போனபோது, அந்த ஜனங்களை எங்கே வைப்பது என்ற கேள்வி அரசாங்கத்தின் தலையில் விழுந்தது. அந்தியூருக்கு மேலே, மலையடிவாரத்தில், வறட்டுப்பாளையம் என்ற ஊரை ஒட்டி நிறையப் புறம்போக்கு நிலம் கிடந்தது. ஆனால் கிடந்தது என்று அரசாங்கம்தான் நினைத்தது. அது எங்கள் ஆடு மேய்கிற இடம் என்றார்கள் வறட்டுப்பாளையத்துக்காரர்கள். மீன்காரர்கள் வந்தால் வெட்டு குத்துதான் என்று மேடை போட்டே பேசினார்கள்.

இந்த நேரத்தில்தான் கோமளாவுக்கு ஒரு போன் வந்தது.

“மேடம், லாம்பார்டு மேடம் நீங்கதான?” என்றது திருநெல்வேலி வாடை அடித்த குரல்.

வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் அந்த வார்த்தையைச் சரியாக உச்சரித்ததில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

குரலுக்குச் சொந்தக்காரன் ஜெபசிங். மறுவாழ்வுத் துறைக்காகக் கணினி மாதிரிகள் செய்கிற ஒரு நிறுவனத்தில் பொறியாளர்களுக்குத் தலைவன். தரமணியில் இருந்த அவன் அறைக்குப் போனபோது ஒரு பெரிய திரையில் பள்ளத்தாக்கு ஒன்று தெரிந்தது. ஆறு, தேவாலயம், ஆலை, புகை விடுகிற கூரைகள். கோமளா ஒரு காலத்தில் ஆறு மாதம் தங்கி, மண் தோண்டி, பனிக்கட்டித் தரையில் வழுக்கி விழுந்த அதே வட இத்தாலியப் பள்ளத்தாக்கு. ஆனால் ஆயிரத்து சொச்சம் வருடம் முந்தையது.

“இது எதுக்கு உங்களுக்கு?” என்றாள்.

“வெளியேருந்து ஒரு கூட்டம் வந்து இன்னொரு கூட்டத்தோட தங்குனா என்ன ஆவும்னு முன்கூட்டியே பாக்கணும் மேடம். அதுக்கு, அப்படி நடந்து முடிஞ்ச ஒரு ஊரு முழுசா வேணும்.”

“அதுக்கு இத்தாலிக்கா போகணும்? நம்ம ஊர்ல வராதவங்களா, போகாதவங்களா?”

“நம்ம ஆளுகளை நம்ம எரிச்சு ஆத்துல கரைச்சுட்டமே மேடம். பொதைச்சதையும் யாரு தோண்டிப் பாத்தா? அவங்க அப்படியில்ல. என்னைக்கோ செத்தவன் பல்லைக்கூட டப்பால போட்டு வச்சிருக்காங்க. பல்லு சொல்லும், சின்ன வயசுல எந்த ஊருத் தண்ணி குடிச்சான்னு. எலும்பு சொல்லும், யாரு யாருக்குப் பிள்ளைன்னு. இந்தப் பள்ளத்தாக்குல ஒரு கல்லறை பாக்கியில்ல, எல்லாத்தையும் அளந்துட்டாங்க. அதையெல்லாம் போட்டா மெஷின் ஆளுகளை எழுப்பிக் குடுக்கும்.”

“எழுப்பின்னா?”

“பசிக்கும். பயப்படுவாங்க. பொய் சொல்லுவாங்க, கல்யாணம் கட்டுவாங்க. உசுருன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்களே போய்ப் பேசிப் பாத்துட்டு ஒரு பேரு வைங்க.”

வேலை இதுதான். மெஷினுக்குக் கொடுத்த வரலாறு சரிதானா என்று பார்த்து, சரி என்றால் கையெழுத்துப் போட வேண்டும். துறையின் செயலாளர் வித்யாதரன் ஒரு எல்லை வைத்திருந்தார். இரத்தம் சிந்துகிற மோதலுக்கான வாய்ப்பு நூற்றுக்குப் பத்துக்குக் கீழே இருந்தால் முனைக்காட்டு ஜனங்கள் வறட்டுப்பாளையத்துக்குப் போகலாம். மேலே போனால் அவர்களுக்கு வேலி போட்ட முகாம். உள்ளே போகலாம், வெளியே வர அனுமதிச் சீட்டு வேண்டும்.

அந்தப் பள்ளத்தாக்கை ஓட்டி மெஷின் காட்டிய எண் எழுபத்தெட்டு.

எத்தனை தடவை ஓட்டினாலும் அதே கதைதான். வந்தவர்கள் வருகிறார்கள். முதல் தலைமுறை முறைத்துக்கொள்கிறது. இரண்டாம் தலைமுறை பெண் கொடுத்துப் பெண் எடுக்கிறது. மூன்றாம் தலைமுறையில் ஒரு வருடம் மழை பொய்க்கிறது. யாரோ ஒரு களஞ்சியத்தைக் கொளுத்துகிறார்கள். அந்த வாரமே பள்ளத்தாக்கில் பாதிப்பேர் மீதிப்பேரை வெட்டிப் போடுகிறார்கள்.

கோமளாவுக்கு இது ஒட்டவில்லை. முதலில் வந்தபோது லாம்பார்டுகள் கத்தியோடுதான் வந்தார்கள், அதை அவள் மறைக்க மாட்டாள். ஆனால் அந்த மூன்றாம் தலைமுறையின் கல்லறைகளில் அவளே மண்டியிட்டு மண் தள்ளியிருக்கிறாள். காய்ச்சலில் செத்தவர்கள் உண்டு, பிரசவத்தில் செத்தவர்கள் நிறைய உண்டு. வெட்டுப்பட்ட எலும்பு அங்கே அபூர்வம்.

அவள் கையெழுத்தைத் தள்ளிப் போட்டதும் செய்தி எப்படியோ கசிந்துவிட்டது. ஒரு நாள் காலையில் தரமணிக் கட்டடத்தின் வாசலில் ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தாள். காத்தாயி. முனைக்காட்டு ஜனங்களுக்காகப் பேசுகிறவள். கருவாடு விற்றே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவள் என்பது அவள் உட்கார்ந்திருந்த தோரணையிலேயே தெரிந்தது.

“நீங்கதான் பாத்து சொல்றவங்களா?” என்றாள். “எங்க தலையெழுத்த ஏதோ வெள்ளக்காரன் பொணம் எழுதப் போவுதாம்ல?”

கோமளாவுக்குச் சிரிப்பும் வந்தது, வெட்கமும் வந்தது. “பொணம் எழுதாதும்மா. பொணத்தை வச்சு நாங்க எழுதறோம்.”

“அப்ப நல்லதா எழுதுங்க. வேதாரண்யத்துல ஒரு மண்டபத்துல பாய போட்டுக் கெடக்கோம், போன ஐப்பசிலேருந்து. எம் மருமவ மாசமா இருக்கா. வேலிக்குள்ள பொறந்த புள்ளன்னு பேரு வாங்கக் கூடாது பாருங்க.” எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டாள். “மிரட்டறேன்னு நெனைக்காதீங்க. சொல்லிட்டுப் போவலாம்னுதான் வந்தேன்.”

அன்று மதியமே கோமளா பள்ளத்தாக்குக்குள் இறங்கினாள். இறங்குவது என்றால் காதில் ஒரு கருவியை மாட்டிக்கொண்டு, திரைக்குள் வழிப்போக்கராக ஒரு வீட்டு வாசலில் போய் நிற்பது. களஞ்சியம் எரிந்த மறுநாளைத் தேர்ந்தெடுத்திருந்தாள். வாசலில் ஆட்டுப்பால் கறந்துகொண்டிருந்த பெண்ணின் பெயர் அன்சா. வயது இருபதுக்குள்தான் இருக்கும். இவர்கள் பேச்சைத் தமிழாக்கும் குரலுக்கு ஜெபசிங் தன்னுடைய பாளையங்கோட்டைச் சித்தியைத்தான் பிடித்துப் போட்டிருந்தான். ஆகவே ஏழாம் நூற்றாண்டு லாம்பார்டுப் பெண், தாமிரபரணித் தண்ணீரிலேயே வளர்ந்தவள் மாதிரி பேசினாள்.

“யாரது? எங்கேருந்து வாரிய?”

“தூரத்துலேருந்து வர்றேன்மா. கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?”

“மோரு இருக்கு. தண்ணி எதுக்கு? உக்காருங்க.”

மோரைக் குடித்ததாகப் பாவனை செய்துவிட்டுக் கோமளா கேட்டாள்: “உங்களுக்கு இதே ஊர்தானா?”

“இல்ல. நாங்க வந்தவுக.”

“எப்ப வந்தீங்க?”

“எங்க தாத்தா வந்தாவ. மலையத் தாண்டி.”

“நீ?”

“நான் இந்த வீட்லதான் பொறந்தேன். அந்தா, அந்த உள்ளறைலதான்.”

“அம்மா?”

“அம்மாக்கு இந்த ஊருதான். அவுக பூட்டன் காலத்துலேருந்து இங்கதான் இருக்காவ.”

“தாத்தா பேசின பாஷை உனக்குத் தெரியுமா?”

அன்சா சிரித்தாள். “குதிரைய வைய ரெண்டு வார்த்தை தெரியும். மத்தபடி அம்மா பேசுததுதான் நானும் பேசுதேன்.”

“அப்போ நீயும் இந்த ஊர்க்காரிதானே?”

கறந்துகொண்டிருந்த கை நின்றது. “அதெப்படி? எங்க அப்பா வந்தவரு. அப்போ நானும் வந்தவ. எங்க அண்ணனுக்குப் பொறக்கதும் வந்தவந்தான்.” யாரோ சொல்லிக்கொடுத்துச் சொல்வது போல் இருந்தது. பிறகு எரிந்த களஞ்சியம் இருந்த பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “நீங்க இருட்டதுக்குள்ள போயிருங்க. நாளைக்கு அவுக வருவாவ. எங்க ஆளுகளும் கத்தி தீட்டுதாவ.”

“உனக்கு அந்தப் பக்கம் வேண்டியவங்க யாரும் இல்லையா?”

“இருக்காளே, லூசியா. பக்கத்து வீடு. எங்கம்மைட்டதான் அவளும் பால் குடிச்சா. நேத்து வந்து அழுதா. ‘நானும் இந்த ஊர்க்காரிதான்னு ஒரு வார்த்தை சொல்லிரு அன்சா, நான் சாட்சிக்கு நிக்கேன், ஒன்ன ஒருத்தனும் தொட மாட்டான்’னா.”

“சொல்ல வேண்டியதுதானே?”

“சொல்லத்தான் நெனைக்கேன்.” அன்சாவின் முகத்தில் இருந்தது பயம்கூட இல்லை, குழப்பம். “நாக்குல வர மாட்டேங்கு. ஏன்னு தெரியல.”

கோமளா காதில் இருந்ததைக் கழற்றி மேஜையில் வைத்தாள். அது கணக்குப் போட்டு எழுப்பிய பொம்மைதான் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் உயிர் பிழைக்கிற பெண், அதைச் சொல்ல வாய் வராமல் உட்கார்ந்திருக்கிறாள். அவள் வாயை யாரோ கட்டிவைத்திருக்கிறார்கள்.

“ஜெபசிங், அவளால ஏன் அதைச் சொல்ல முடியல?”

அவன் தேடிப் பார்த்தான். தேட அதிக நேரம் ஆகவில்லை. “ஓ, இதுவா? ஒவ்வொருத்தருக்கும் ஒரு அடையாளம் வச்சிருக்கோம் மேடம். இருந்தவர், வந்தவர்னு. அது மாறாது.”

“பிள்ளைக்கு?”

“அப்பாக்கு என்னவோ அதான் பிள்ளைக்கு.” சொல்லிவிட்டு அவளைப் பார்த்தான். “வேற எப்படி மேடம் வைக்க?”

“இதை யார் யார் பார்த்தாங்க?”

“எல்லாரும்தான் பாத்தாங்க. பெரிய பெரிய ஆளுங்க எல்லாம் வந்து பாத்து ஆயிரம் கேள்வி கேட்டாங்க. இதை மட்டும் யாரும் கேக்கல.”

கேட்க மாட்டார்கள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து, அப்பன் என்னவோ அதுவே பிள்ளை என்று எழுதிக் கொடுத்துப் பழகின கைகள். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடும் என்பது போல அதுவும் இயற்கை விதி என்று நினைத்துவிட்டார்கள். வேறு தேசத்துக்காரன் பார்த்திருந்தால் உறுத்தியிருக்குமோ என்னவோ, அவனவனுக்கு ஒரு குருடு உண்டு. கோமளாவே அந்த வரியை முதல் நாளில் படித்து, தலையாட்டி, அடுத்த பக்கத்துக்குப் போனவள்தான். லாம்பார்டுகளைப் பற்றி நானூறு பக்கம் எழுதியவள்!

“அவங்க அப்படி இல்லைப்பா,” என்றாள். “மலை தாண்டி வந்த கூட்டத்துலயே எல்லாரும் லாம்பார்டு இல்லை. வழியில சேர்ந்துக்கிட்டவன், தோத்துப்போனவன், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன், எல்லாரும் உண்டு. ஓடற பஸ்ல ஏறினவன் எல்லாம் பயணிதானே, அது மாதிரி. அடிமையை விடுதலை பண்றதுக்குக்கூட அவங்ககிட்ட ஒரு சடங்கு இருந்தது. கைமாத்திக் கைமாத்திக் கொண்டுபோய் ஒரு நாற்சந்தியில நிறுத்துவாங்க. ‘நாலு வழி இருக்கு, உனக்குப் பிடிச்ச வழியில போ’ன்னு சொல்லுவாங்க. அதோட அவன் சுதந்திரமானவன். நீ அன்சாவுக்கு அந்த நாலு வழியில ஒண்ணைக்கூட வைக்கலையே.”

“எங்க வீட்லயும் இதான் சண்டை,” என்றான் ஜெபசிங். “எம் பொண்டாட்டி வேற ஆளுக. பிள்ளைக்கு என்ன எழுதணும்னு ரெண்டு வீட்டுக்கும் ரெண்டு வருசமா அடிதடி. அதைப் பாத்துட்டு வந்துதான் இங்க உக்காந்து இந்த வரியையும் எழுதிருக்கேன் பாருங்க.”

அன்றே மாற்றினான். வயது வந்த ஒவ்வொருவரும் தான் யார் என்பதைத் தானே சொல்லலாம். சொன்னதை மாற்றவும் செய்யலாம். பள்ளத்தாக்கை மறுபடி ஓட்டினார்கள். மழை பொய்த்தது, களஞ்சியமும் எரிந்தது. ஆனால் கொளுத்தியவனைப் பிடித்து, இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்தே அடித்தார்கள். எண் ஒன்பதுக்கு வந்து நின்றது.

இன்னும் நூறு வருடம் ஓடவிட்டுப் பார்த்தாள். வந்தவர்களின் பாஷை அடியோடு போய்விட்டிருந்தது. இருந்தவர்களோ தங்களை லாம்பார்டு என்றே சொல்லிக்கொண்டார்கள். உண்மையிலும் அப்படித்தான் ஆயிற்று என்பது அவளுக்குத் தெரியும். அந்த மொழி செத்துவிட்டது, அந்தப் பெயர் மட்டும் இன்றும் இத்தாலியில் ஒரு மாநிலத்துக்கு இருக்கிறது. ஒருவர் பேச்சை இழந்தார், மற்றவர் பெயரை இழந்தார். பிள்ளைகள் பிழைத்தன.

ஜெபசிங் ஆளனுப்பி அல்வா வரவழைத்தான். பாதி அல்வா காலியாவதற்குள் செயலாளர் அலுவலகத்திலிருந்து குடியேற்ற ஆணையின் வரைவு வந்து சேர்ந்தது. அதையும் மெஷினுக்குக் கொடுத்து, அந்தப் பள்ளத்தாக்கு ஜனங்கள் மேலேயே ஓட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. கொடுத்தார்கள். எண் அறுபத்தொன்றுக்கு ஏறியது.

ஆணையில் நல்ல எண்ணத்தோடு எழுதிய ஒரு பத்தி இருந்தது. முனைக்காட்டிலிருந்து வரும் குடும்பங்களுக்கு ‘இடம்பெயர்ந்தோர்’ என்று சான்றிதழ். படிப்புக்கு உதவித்தொகை, வேலையில் முன்னுரிமை. தந்தை வழியில் மூன்று தலைமுறைக்குச் செல்லும்.

“அன்சாவோட வாயைக் கட்டினது நாம மட்டும் இல்லை போலிருக்கே,” என்றாள் கோமளா.

ஆணையைப் பேசி முடிக்கும் கூட்டம் வறட்டுப்பாளையத்துக் கல்யாண மண்டபத்தில், காலை பத்து மணிக்கு. ஒரு பக்கம் ஊர்க்காரர்கள், எதிர்ப்பக்கம் லாரியில் வந்த முனைக்காட்டுக்காரர்கள், நடுவில் நாற்காலி போட்டுச் செயலாளர் வித்யாதரன். சட்டை கசங்காத மனிதர். ஊர்ப் பக்கத்தில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தவர் நாச்சிமுத்து. மேடை போட்டு வெட்டு குத்து என்று பேசியவர் அவர்தான். நேரில் பார்த்தால் ஒல்லியாக, அடிக்கடி துண்டை உதறிக்கொண்டு, வயிற்றுவலிக்காரர் மாதிரி இருந்தார்.

கோமளா எழுந்து பள்ளத்தாக்கின் கதையைச் சொன்னாள். கல்லூரியில்கூட அவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை. மோர் கொடுத்த அன்சாவைச் சொன்னபோது பெண்கள் பக்கம் ‘ச்சு’ கொட்டியது. கடைசியில் சொன்னாள்: “ஐயா, அந்தச் சான்றிதழை எடுத்திடணும். வந்தவங்கன்னு ஒரு தலைமுறைக்குச் சொல்லலாம். மூணு தலைமுறைக்கு எழுதி வச்சா, அவங்க வந்துக்கிட்டேதான் இருப்பாங்க. வந்து சேரவே மாட்டாங்க.”

முதலில் எழுந்தவள் காத்தாயி.

“அது சரி! ஊட்ட கடல் எடுத்துக்கிச்சு, சான்றிதழ நீங்க எடுத்துக்கறீங்களா? எம் பேரப்புள்ள படிக்கணும்னா காசு யாரு குடுப்பா, உங்க அன்சாவா?”

முனைக்காட்டுப் பக்கம் முழுவதும் ஆமாம் என்றது. காத்தாயி கேட்டதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. ஆயிரத்து ஐந்நூறு வருடத்துப் பல்லையெல்லாம் கேட்ட கோமளா, வேதாரண்யத்து மண்டபத்தில் பாய் போட்டுக் கிடந்தவளைக் கேட்கவில்லை.

நாச்சிமுத்து துண்டை உதறினார். “ஏனுங்க, அந்தம்மா கேக்கறது இருக்கட்டும். நானொண்ணு கேக்கறனுங்க. அவிய புள்ளைக்குப் படிக்கறதுக்குப் பணம். அதே பெஞ்சுல எம் பேரனும்தான உக்காருவான்? அவன் வாயப் பாத்துட்டு உக்காந்திருக்கோணுமுங்களா? இங்க மட்டும் என்ன வெள்ளமா பாயுது? மூணு வருசமா மழையில்லீங்க. என்ற பையன் திருப்பூருக்குப் போயி பனியன் கம்பெனில நிக்கறான். நாங்களும் போயிட்டுத்தான் இருக்கறோம், யாரு சான்றிதழ் குடுத்தா?”

காத்தாயி அவரை முதல் முறையாக நேராகப் பார்த்தாள்.

கோமளாவுக்கு வழி தெரிந்தது. சந்தோஷத்தில் குரல் உயர்ந்துவிட்டது. “அப்போ அப்பாவை வச்சுக் கொடுக்க வேண்டாம். ஊரை வச்சுக் கொடுங்க! இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல படிக்கற எல்லாப் பிள்ளைக்கும் அந்த உதவித்தொகை. எந்தப் பக்கத்துப் பிள்ளையா இருந்தாலும் சரி. வேலை முன்னுரிமையும் அப்படியே.”

வித்யாதரன் கன்னத்தைத் தடவினார். “அவங்க குடியேறினாத்தான் அந்த நிதியே இந்த ஊருக்கு வரும். வராட்டி ரெண்டு பக்கத்துக்கும் கிடையாது.”

“எங்க பேச்சு போயிரும்னு சொன்னீங்களே?” என்றாள் காத்தாயி, கோமளாவிடம். கோபம் தணிந்திருந்தாலும் கேள்வி இருந்தது.

பொய் சொல்லலாம். சொல்லவில்லை. “போகலாம்மா. உங்க பேரன் பேத்தி இவங்க மாதிரி பேசும். இவங்க ஊர்ப் பேரும் போகலாம். ரெண்டு பேருக்கும் ஏதோ ஒண்ணு போகும்.”

“ஊருப் பேரு போனாப் போவட்டுமுங்க,” என்றார் நாச்சிமுத்து. “வறட்டுப்பாளையம்னு பேரு வெச்சுக்கிட்டு என்னத்தக் கண்டோம்? பொண்ணு குடுக்கறவன்கூட பேரக் கேட்டதும் எந்திரிச்சுப் போயிர்றான்.”

இரண்டு பக்கமும் சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் நாச்சிமுத்து செயலாளரின் பக்கம் சாய்ந்தார். “அதுசரிங்க, இவிய எப்பங்க வர்றாங்க? ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறந்துருமுல்லோ. அதுக்குள்ள வந்தாத்தான சேத்த முடியும்?”

வித்யாதரன் கையைக் காட்டி நிறுத்தினார். “இருங்க. புது ஏற்பாட்டை மெஷின்ல போட்டு ஓட்டட்டும். பத்துக்குக் கீழே வந்தா இங்கேயே கையெழுத்து.”

ஜெபசிங் ஓட்டினான். நேரம் ஆகும் என்றான். யாரோ டீ கொண்டுவந்தார்கள். டீயோடு பேச்சும் வந்தது. இப்போது இருக்கிற பள்ளிக்கூடம் பத்தாது, புதிதாகக் கட்ட வேண்டும். எங்கே கட்டுவது? கோயில் பக்கம் என்றார் நாச்சிமுத்து. அங்கேயிருந்து எங்கள் வீட்டு மனைக்கு ஒரு மைல், சின்னப் பிள்ளை எப்படி நடக்கும் என்றாள் காத்தாயி. ரோட்டுக்கு இந்தப் பக்கம் என்றால் ஆடு போகிற வழி அடைபடும். அந்தப் பக்கம் என்றால் ஓடை. வாய்ச்சண்டையாக ஆரம்பித்தது, “வாங்க, எடத்தப் பாத்துட்டே பேசலாமுங்க” என்று நாச்சிமுத்து எழுந்ததும் மொத்தக் கூட்டமும் வெளியே நகர்ந்தது. செயலாளரையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

மண்டபத்தில் கோமளாவும் ஜெபசிங்கும் காலி டீக்கோப்பைகளும்தான்.

“வந்துட்டு மேடம்,” என்றான். குரலில் சந்தோஷம் இல்லை.

“எவ்வளவு?”

“பன்னிரண்டு.”

கோமளா உட்கார்ந்துவிட்டாள். பத்துக்கு மேல் இரண்டு. இன்னொரு தடவை ஓட்டலாமா என்று அவன் கேட்டான். ஒன்பது வருகிற வரை ஓட்டிக்கொண்டே இருக்கலாம்தான். அப்படி வாங்கிய எண்ணுக்கு ஜோசியக்காரனிடமே போயிருக்கலாம். “வேண்டாம்,” என்று சொல்லிவிட்டு எழுந்து வெளியே நடந்தாள். வெயில் ஏறியிருந்தது. ஒவ்வொரு அடிக்கும் வேதாரண்யத்து மண்டபத்தில் பாய் போட்டுக் கிடப்பவர்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். காத்தாயியின் மருமகளுக்கு எந்த மாதம் என்று கேட்காமலே விட்டுவிட்டோமே என்று நினைத்தாள்.

புறம்போக்கில் பெரிய ரகளை. காத்தாயி ஒரு கல்லைத் தூக்கி வந்து, வாசல் இங்கேதான் என்று வைத்தாள். நாச்சிமுத்து அதை எடுத்து நாலடி தள்ளி வைத்தார். “வாசல வடக்க பாத்து வெக்கறதுங்களா? உங்கூர்ல எல்லாம் அப்பிடித்தானுங்களா?” என்றார். “எங்கூர்ல வாசல் கடலப் பாத்து இருக்கும். உங்கூர்ல கடலக் கொண்டாங்க, வைக்கிறேன்!” என்றாள் காத்தாயி. சுற்றி நின்றவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்லிக் கத்தினார்கள். எந்த யோசனை எந்தப் பக்கத்து ஆளுடையது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஊர்க்காரர்களில் பாதிப்பேர் காத்தாயி வைத்த கல்தான் சரி என்றார்கள்.

வித்யாதரன் நடுவில் நின்றுகொண்டிருந்தார். சட்டை முழுக்கப் புழுதி. கையில் யாரோ கொடுத்த அளவு நாடாவின் ஒரு முனை.

“சார்,” என்றாள் கோமளா. “பன்னிரண்டு.”

அவர் அவளைப் பார்த்தார். கல்லை மாற்றி மாற்றி வைக்கிற இரண்டு பேரையும் பார்த்தார்.

“எங்க வீட்டுல எனக்கும் என் தம்பிக்கும் ஓட்டிப் பார்த்தா நாப்பதுக்குக் குறையாது மேடம்,” என்றார். “இருந்தும் ஒரே காம்பவுண்டுலதான் இருக்கோம்.” நாடாவின் முனையை அவள் பக்கம் நீட்டினார். “இதைக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க. நான் அந்தக் கோடிக்குப் போறேன்.”